பாசியைக் கொல்வதா, செடியை வாழவைப்பதா?

அரசியலையும் போரையும் இடப்பெயர்வையும் தேர்தல்களையும் பற்றி முப்பது ஆண்டுகளாக எழுதிவரும் ஒருவன், மீன் தொட்டியில் படியும் பாசியைப் பற்றி எழுத முனைவது வாசகர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். "எழுதுவதற்கு வேறு விடயம் கிடைக்கவில்லையா?" என்று நெருங்கிய நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டும்விட்டார். விடயங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் என் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் மூன்றடி நீளத் தொட்டி கடந்த இரண்டு ஆண்டுகளில் எனக்குக் கற்பித்த பாடத்தை எழுதாமல் விடுவது முறையல்ல என்று எண்ணுகிறேன். அப்பாடம் மீனோடும் செடியோடும் நின்றுவிடுவதல்ல என்பதை இறுதியில் வாசகர்களும் ஏற்றுக்கொள்வர் என்பது என் நம்பிக்கை.

கொழும்பில் ஆசிரியபீடத்தில் இரவுப் பணியாற்றிய காலத்தில் எனக்கு ஏற்பட்ட பழக்கம் இது. கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பின்னர் வீடு திரும்பினால் உடனே உறக்கம் வராது. அவ்வேளையில் சிறு விளக்கொளியில் மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைய செய்திகளை மறப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலுள்ள பூர்வீக வீட்டிற்கு நாம் குடிபெயர்ந்தபோது, ஏறக்குறைய 150 லீற்றர் கொள்ளளவுடைய அத்தொட்டியும் கூடவே வந்தது. கொழும்பில் குழாய்நீரில் இருந்த மீன்களும் செடிகளும் இங்கே கிணற்று நீருக்கு மாறின. கிழக்கு யன்னலோரம் வசதியாக இருந்ததால் தொட்டியை அங்கேயே வைத்தேன். வீட்டிற்கு வருவோர் போவோர் பார்க்கட்டும் என்று காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை விளக்கும் எரிந்தது.

இரண்டாவது வாரத்தில் கண்ணாடியிலும் சரளைக் கற்களிலும் கபில நிறத் தூசி போன்ற ஒன்று படிந்தது. துடைத்தேன். அடுத்த மாதத்தில் பச்சை நிற நூல்கள் செடிகளைச் சுற்றிக்கொண்டன. கையால் சுற்றி இழுத்தேன். மூன்றாவது மாதத்தில்தான் உண்மையான சோதனை வந்தது. இலைகளின் ஓரங்களிலும் வடிகட்டியின் வாயிலும் கருந்தாடி முளைத்தாற் போல் கரிய குஞ்சங்கள் தோன்றின. தேய்த்தாலும் போகவில்லை, இழுத்தால் இலைதான் கிழிந்தது.

போத்தலில் கிடைத்த தீர்வு

பொறுமையிழந்த மனிதன் என்ன செய்வானோ அதையே நானும் செய்தேன். பாசிக்கொல்லி என்று பெயரிட்ட ஒரு போத்தலை வாங்கிவந்து ஊற்றினேன். அதன் சேர்மானத்தில் செப்பு இருந்ததைச் சிட்டை கூறியது. நான் தான் கண்ணாடி போட்டு வாசிக்கவில்லை. இறாலுக்கும் நத்தைக்கும் செப்பு கொடிய நஞ்சு என்பது மீன் வளர்க்கும் பலரும் அறிந்த விடயம். மறுநாள் காலையில் சிறு நன்னீர் இறால்கள் அனைத்தும் கவிழ்ந்து கிடந்தன. நான்காம் நாள் மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. கொல்லப்பட்ட பாசி தொட்டிக்குள்ளேயே அழுகியது, அழுகலைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் நீரிலிருந்த ஒட்சிசனை உறிஞ்சிக்கொண்டன, அமோனியாவும் உயர்ந்தது. நம் தீவின் தென்மேற்கு ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத செரி பாப் என்ற சிவந்த சிறுமீன்களில் இரண்டை இழந்தேன்.

"பாசியைக் கொல்லப் போய் மீனையெல்லே கொண்டு போட்டியள்" என்றார் மனைவி. மறுமொழி சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

மூன்று வாரங்களில் பாசி திரும்பிவந்தது, முன்னிலும் அடர்த்தியாக. இறந்தவை இறால்களும் மீன்களும். பாசி தோன்றியதற்கான காரணம் அப்படியே உயிரோடு இருந்தது. அது திரும்பாமல் என்ன செய்யும்?

பாசி என்பது ஒன்றல்ல

அயலில் இருக்கும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எனக்கு வழிகாட்டியாக வாய்த்தார். விஞ்ஞானபீடத்தில் கற்கிறார், தன் அறையில் நான்கு தொட்டிகள் வைத்திருக்கிறார். என் தொட்டியை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "ஐயா, நீங்கள் பாசியோட சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கிறியள். செடியைப் பாத்தனீங்களே? அது பட்டினியில கிடக்கு."

பாடநூல்களில் அல்கா என்று நாம் படித்தது ஒரே இனமல்ல என்பதை முதலில் அவர் விளக்கினார். பத்திரிகையாளனுக்கு இது விளங்கக்கூடிய பாடம். ஆளைத் தெரியாமல் குற்றச்சாட்டு எழுதக் கூடாது அல்லவா?

புதிய தொட்டியில் தோன்றும் கபிலத் தூசி தயற்றம் எனப்படும் நுண்ணுயிர். சிலிக்கா ஓடு கொண்டது. தொட்டி பதப்படுகையில் சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். அதற்காக நாம் செய்யவேண்டியது ஏறக்குறைய எதுவுமில்லை.

கண்ணாடியில் வட்டப் புள்ளிகளாக இறுகிப் படியும் பச்சையைச் சவர அலகினால் சுரண்டலாம். ஒளி மிகுந்து பொசுபேற்றுக் குறைந்த தொட்டிகளில் அது அதிகம் தோன்றுகிறது என்பது அனுபவசாலிகளின் கணிப்பு. நீர் முழுவதும் பச்சைச் சாயம் கரைத்தது போல் மாறினால், அது நீரில் மிதக்கும் ஒருகல அல்கா. நீரை மாற்ற மாற்ற அது மீண்டும் பெருகும். தொட்டியைக் கறுப்புத் துணியால் முழுமையாக மூடி மூன்று நான்கு நாட்கள் இருளில் வைப்பதும், ஊதாக்கடந்த கதிர் விளக்குப் பொருத்திய வடிகட்டியை இயக்குவதும் அதற்குப் பயன்படும்.

கற்களின் மீது நீலப்பச்சைப் போர்வை போல் படர்ந்து, தொட்டால் தகடாகக் கழன்று, மண்ணும் அழுகலும் கலந்த வாடை வீசினால், அது அல்காவே அல்ல, சயனோபற்றீரியா. கொழும்பில் பேரை வாவியைக் கடந்து சென்றவர்களுக்கு அப்பச்சை நிறமும் வாடையும் நினைவிருக்கும். நகரத்தின் கழிவுநீர் அவ்வாவிக்குச் செய்ததை, அழுக்குத் தேங்கி நீரோட்டம் குன்றிய மூலை நமது தொட்டிக்குச் செய்கிறது. எரித்ரோமைசின் வில்லைகளைப் பொடித்துப் போட்டால் இது மறையும் என்று பலர் ஆலோசனை கூறுவர். மறைவது உண்மை. ஆனால் மனிதரின் நோய்க்குரிய நுண்ணுயிர்க்கொல்லியை மீன் தொட்டியில் கரைத்து, அந்நீரை வாழை மரத்தடியில் ஊற்றுவது, மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களை நாமே வளர்ப்பதற்கு ஒப்பானது. உறிஞ்சி அகற்றி, மூன்று நாள் இருட்டில் வைத்து, நீரோட்டத்தைச் சீராக்கினால் பெரும்பாலும் போதும்.

இனி அந்தக் கருந்தாடி. கறுப்பாகத் தோன்றினாலும் அது செவ்வல்கா வகுப்பைச் சேர்ந்தது. மதுசாரத்தில் இட்டால் சிவந்துவிடும். மெதுவாக வளரும் செடிகளின் முதிர்ந்த இலைகளையே அது முதலில் பற்றும். நீரில் கரைந்துள்ள காபனீரொட்சைட்டின் அளவு ஏறியும் இறங்கியும் நிலையற்றிருப்பதும், அழுக்கு மிகுவதும் அதற்கு வாய்ப்பானவை. சீனியும் நொதியமும் கலந்த போத்தலில் இருந்து வாயுவைச் செலுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். முதல் வாரம் வாயு பொங்கும். மூன்றாம் வாரம் ஓய்ந்துவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைவிட, வாயுவே செலுத்தாமல் இருப்பது மேல்.

ஒளி என்னும் முதற் காரணம்

இத்தனை வகைகளுக்கும் பொதுவான காரணம் ஒன்றைக் கூறு என்றால், அளவுக்கு மிஞ்சிய ஒளி என்பேன். என் தொட்டிக்கு நாளொன்றுக்குப் பதினாறு மணிநேர மின்விளக்கும் அதற்கு மேலாகக் காலை வெயிலும் கிடைத்தன. ஒளி என்பது செடிக்கு இடப்படும் கட்டளை போன்றது. "வளர்" என்று அது உத்தரவிடுகிறது. வளர்வதற்கு வேண்டிய காபனீரொட்சைட்டும் நைதரசனும் பொற்றாசியமும் இரும்பும் கூடவே கிடைக்காவிட்டால் செடி தளர்கிறது; இலைகள் சிதைந்து கழிவுகளை நீரில் கசியவிடுகின்றன. பாசியின் தேவையோ மிகச் சிறிது. செடி பயன்படுத்த முடியாத ஒளியை அது எடுத்துக்கொள்கிறது.

இதில் நமக்கு ஒரு வெட்கக்கேடும் உண்டு. உலகெங்கும் மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் கிரிப்டொகோரின் செடிகளில் பல இனங்கள் இலங்கைக்கே உரியவை. வென்டி, பெக்கெட்டி, துவெய்ட்டெசி என்று பெயர் பெற்றவை அனைத்தும் நம் தீவில் பிறந்தவை. பல தசாப்தங்களாக இங்கிருந்து ஏற்றுமதியாகும் அச்செடிகள், காட்டு ஓடைகளில் மரநிழலின் கீழ் மெல்ல வளர்பவை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் நம்மவர் வீட்டுத் தொட்டிகளிலும் அவை இருக்கக்கூடும். நிழலில் பிறந்த செடியை, அது பிறந்த மண்ணிலேயே, பதினாறு மணிநேர வெளிச்சத்தில் வைத்து வாட்டியவன் நான்.

மாணவர் சொற்படி தொட்டியை யன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றினேன். நேர ஆளி ஒன்றை வாங்கி விளக்கை ஆறு மணிநேரத்திற்கு மட்டுப்படுத்தினேன். அந்த ஆளியின் விலை, நான் வாங்கிய பாசிக்கொல்லிப் போத்தலின் விலையிலும் குறைவு.

பட்டினி போட்டு வெல்ல முடியாது

பாசியைக் கண்டவுடன் உரத்தை நிறுத்துவதே நம்மில் பெரும்பாலானோரின் முதல் எண்ணம். நானும் நிறுத்தியிருந்தேன். அதனாற்றான் செடிகள் பட்டினியில் கிடந்தன.

1990களில் மேலைநாட்டு ஆர்வலர்களிடையே, பொசுபேற்றைக் கட்டுப்படுத்தினால் பாசி அடங்கும் என்ற கருத்து செல்வாக்குப் பெற்றிருந்தது. அமெரிக்கரான ரொம் பார் அதை மறுத்தார். நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் வேண்டுமென்றே தாராளமாக இட்டும், செடிகள் செழித்திருந்தால் பாசி வருவதில்லை என்று அவர் காட்டினார். உரத்தைக் குறைவின்றி இட்டு, வாரந்தோறும் பாதி நீரை மாற்றுவது அவரது முறை. இதற்கு நேரெதிரான வழியில் நின்றவர் டயானா வால்ஸ்ரட். 1999இல் வெளிவந்த தமது நூலில், சாதாரண மண்ணும் மீன் கழிவுமே செடிகளுக்குப் போதும், நீரை அடிக்கடி மாற்றத் தேவையில்லை என்று அவர் வாதிட்டார். எதிரெதிர் முகாம்கள் எனலாம். ஆயினும் ஒரு விடயத்தில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்: தொட்டி நிறையச் செடி இருக்க வேண்டும், அது நன்றாக வளர வேண்டும். பாசியின் எதிரி அதுவே.

பட்டினி போடும் வைத்தியத்தை நம் நாடே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்கு அரசாங்கம் தடை விதித்தது. நிலமும் நீரும் நஞ்சாகின்றன என்ற கவலை அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. கவலை பொய்யல்ல. ஆனால் மாற்று ஏற்பாடு இல்லாமல், பயிர்களைப் பழக்காமல், ஒரே நாளில் நிறுத்தியதன் விளைவு நெல்லிலும் தேயிலையிலும் தெரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை பெருமளவில் விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் பாதிக்கப்பட்டுவிட்டது. இரவோடிரவாகத் தீர்வு தேடுவோர் முதலில் வாடவிடுவது பயிரைத்தான். தொட்டியிலும் அப்படியே.

பாசி தின்னும் மீன்கள்

"ஏன் இந்தக் கரைச்சல்? பாசி தின்னும் மீன் ஒன்றை வாங்கி விடுங்களேன்" என்று கூறுவோர் உண்டு. தொட்டியைத் துப்புரவாக்கும் மீன் என்ற பெயரில், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொள்ளும் கெளிறு வகை ஒன்று மலிவாக விற்கப்படுகிறது. தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. விரல் நீளத்தில் வாங்கும் அம்மீன் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்த பின்னர் பாசியில் அதற்கு அவ்வளவு நாட்டமும் இராது. அது இடும் கழிவோ பாசிக்கு விருந்து. தொட்டி கொள்ளாமற் போனதும் "பாவம், உயிரைக் கொல்லக் கூடாது" என்று குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். அத்தகைய கருணையின் விளைவாக அம்மீன் இன்று மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கங்கள் சிலவற்றில் பெருகிவிட்டது. கரைகளில் வளை தோண்டுகிறது. மீனவரின் வலைகளைச் சிக்கலாக்குகிறது. முள்ளோடு கூடிய கடினமான தோல் காரணமாக வாங்குவார் இல்லை. தமிழகத்து நீர்நிலைகளிலும் இதே முறைப்பாடு எழுந்துள்ளது. தொட்டி மீனையோ செடியையோ குளத்திலும் வாய்க்காலிலும் விடுவது ஒருபோதும் கருணையாகாது.

பயன்தரும் உதவியாளர்கள் இல்லாமலில்லை. யப்பானிய நிழற்படக் கலைஞரும் நீர்த்தோட்டக் கலையின் முன்னோடியுமான தக்காஷி அமானோ (1954 – 2015) சிறு இறால் இனமொன்றைப் பாசி தின்னப் பயன்படுத்திப் புகழ்பெறச் செய்தார்; அவ்விறால் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நெரைட் நத்தைகளும் நல்லவை. நன்னீரில் அவற்றின் குஞ்சுகள் பிழைப்பதில்லை என்பதால் தொட்டியில் பெருகுவதில்லை. ஆனால் இவை அனைத்தும் எஞ்சியதைத் துப்புரவாக்குபவை. ஒளியையும் அழுக்கையும் நாம் திருத்தாவிட்டால் ஐம்பது இறாலாலும் ஆவதொன்றில்லை.

நான் செய்தவை

முதலில் பாசி படிந்த முதிர்ந்த இலைகளை இரக்கமின்றி வெட்டி அகற்றினேன். அவ்விலைகள் மீளப்போவதில்லை, புதிய இலைகளே செடியின் எதிர்காலம். அடுத்து, வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நட்டேன். நம் குளங்களிலேயே வளரும் ஐதரில்லா அதற்குப் போதுமானது. கடினநீரை அது பொருட்படுத்துவதில்லை. நீரோடு வேறு உயிரிகள் வராதவாறு நன்கு அலசி நட வேண்டும். நிறுத்திய உரத்தைச் சிறு அளவில் மீண்டும் தொடங்கினேன். மீன்களுக்கு நாளுக்கு மூன்று வேளை என்றிருந்த உணவை ஒரு வேளையாக்கி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கக்கூடிய அளவே இட்டேன். வாரந்தோறும் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றி, கற்களுக்கு மேலிருந்த கசடுகளைக் குழாயால் உறிஞ்சினேன். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசினேன். குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவினால் அமோனியாவை மாற்றும் நல்ல பற்றீரியாக்களும் அழிந்துவிடும்.

கல்லிலும் மரத்துண்டிலும் எஞ்சியிருந்த கருந்தாடிக்கு மட்டும், மருந்தகத்தில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டைப் பயன்படுத்தினேன். வடிகட்டியை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத மருந்துக் குழலால் பாசியின் மீது நேரடியாக மெல்லச் செலுத்திப் பத்து நிமிடங்களின் பின்னர் வடிகட்டியை இயக்க வேண்டும். என் தொட்டிக்கு ஒரு தடவையில் 30 மில்லிலீற்றருக்கு மேல் நான் செல்லவில்லை. ஓரிரு நாட்களில் கருந்தாடி இளஞ்சிவப்பாகி, பின்னர் வெளிறி உதிர்ந்தது. பேரொட்சைட்டு நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடுவதால் எச்சம் தங்குவதில்லை. அளவு மிஞ்சினால் மீனுக்கும் இறாலுக்கும் தீங்கு என்பதையும், பாசம் போன்ற மென்மையான செடிகள் கருகும் என்பதையும் மறக்கக் கூடாது. காரணங்களைத் திருத்திய பின்னர் செய்ததாலேயே இது பயனளித்தது. முன்னரே செய்திருந்தால் இதுவும் இன்னொரு போத்தலாகவே முடிந்திருக்கும்.

நான்கு மாதங்கள் சென்றன. முதல் ஆறு வாரங்களில் மாற்றம் எதுவும் தென்படவில்லை என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். அதன் பின்னரே புதிய இலைகள் துப்புரவாக விரிந்தன. இன்று தொட்டியில் பாசியே இல்லை என்று கூறமாட்டேன். வடிகட்டியின் வாயில் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும். அறவே பாசியற்ற நீர் உயிரற்ற நீர்.

கிணறு சொன்ன செய்தி

இடையில் ஒரு நாள், விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் கனடாவிலிருந்து நீர்ச் சோதனைத் தாள்கள் கொண்டுவந்து தந்தார். தொட்டி நீரில் தோய்த்தபோது நைத்திரேற்றுக்குரிய கட்டம் கடுஞ்சிவப்பானது. "அகப்பட்டது குற்றவாளி!" என்று மகிழ்ந்தேன். மீன் கழிவினால் வந்தது என்றே எண்ணினேன். மாணவர் சிரித்தார். "ஐயா, கிணத்துத் தண்ணியையும் ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ" என்றார்.

மீனே வாழாத, அப்போதுதான் அள்ளிய கிணற்று நீரிலும் அதே சிவப்பு. நிற அட்டவணையில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கும் 100 மில்லிகிராமுக்கும் இடையில் அது நின்றது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை 50 மில்லிகிராம். தாளை நம்பாமல் ஆய்வுகூடத்திற்கும் மாதிரி அனுப்பினேன். எல்லைக்கு மேல் என்பது உறுதியாயிற்று.

என் தொட்டிப் பாசிக்கு அந்த நைத்திரேற்றுக் காரணமல்ல. விளக்கைக் குறைத்துச் செடியைப் பெருக்கிய பின்னர், அதே கிணற்று நீரில்தான் பாசி அடங்கியது. ஆனால் எங்கள் கிணறு பங்குக் கிணறு. பக்கத்து வளவில் இருக்கும் என் தம்பியின் மகளும் அதிலேயே அள்ளுகிறார். அவரது மூன்று மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் கரைப்பதும் அந்நீரில்தான். நன்கு கொதிக்கவைத்தே கரைப்பதாக அவர் கூறினார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாக, எஞ்சியதில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். சில மாதங்களே ஆன குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை அது குறைக்கக்கூடும். உடல் நீலம் பாரிக்கும் நோய் என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது அதனையே. அந்த எல்லை வகுக்கப்பட்டதே முதலில் இத்தகைய குழந்தைகளைக் கருத்திற்கொண்டுதான். குழந்தை நலமாக இருந்தது. அன்றிலிருந்து அதன் பாலுக்கு வேறு நீர் எடுக்கிறார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்பாறையின் துளைகளிலும் வெடிப்புகளிலும் தேங்கும் மழைநீரே நமக்குள்ள நன்னீர். மேலிருந்து இடப்படும் உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் அதே துளைகள் வழியாகவே இறங்குகின்றன. வெங்காயமும் உருளைக்கிழங்கும் புகையிலையும் செறிவாகப் பயிரிடப்படும் வலிகாமத்தில் பல கிணறுகள் எல்லையைத் தாண்டியுள்ளன என்பதைப் பல தசாப்தங்களாகவே ஆய்வாளர்கள் கூறிவருகின்றனர். எனக்கு அது புதிய செய்தியல்ல. அத்தகைய அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. போர்ச் செய்திகளுக்கு இடம் வேண்டியிருந்த நாட்களில் அவற்றை நான்கு வரிகளாகச் சுருக்கி உட்பக்கத்தில் போட்டவன் நானே. சுருக்கும்போது நம் வீட்டுக் கிணற்றை நான் நினைக்கவில்லை.

இதற்கும் ஒரே நாளில் தீர்வில்லை. பயிருக்கு வேண்டிய அளவை மண் சோதித்து அறிந்து, அதை மட்டும், பயிர் எடுக்கக்கூடிய வேளையில் பகுதி பகுதியாக இடுவதும், மலக்குழியைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தள்ளி ஒழுங்காக அமைப்பதும், கிணறுகளைக் காலந்தோறும் சோதித்து முடிவைப் பயன்படுத்துவோருக்கு அறிவிப்பதும் மெதுவான வேலைகள். மெதுவான வேலைகளுக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. அதனால் அவற்றைச் செய்வோரும் குறைவு.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். தொட்டியில் பாசியைக் கண்டால் போத்தலைத் தேடாதீர்கள். முதலில் விளக்கின் நேரத்தைக் குறைத்து, செடியைக் கவனியுங்கள். மூன்று மாதங்கள் பொறுங்கள். ஊரில் கிணற்று நீரைக் குடிக்கும் உறவுகள் உங்களுக்கு இருந்தால், அடுத்த முறை வரும்போது சொக்கலேற்றுப் பெட்டிகளோடு ஒரு சோதனைத் தாள் பெட்டியையும் எடுத்துவாருங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதை வரும் வரை வைத்திராமல், இப்போதே நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.